மாரியில் மட்டக்களப்புக்குப் பெட்டி கட்டுதல்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கியதும் கொழும்பிலும் மலைநாட்டிலும் வாழும் நம்மவர் பலர் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் புறப்படுகின்றனர். விடுமுறையும் மாரியும் ஒன்றாகவே வந்து சேர்வது இங்கு வழக்கமாகிவிட்டது. ஆனி ஆடியில் வருவோர் வாவியின் நிலவையும், கல்லடிப் பாலத்தடியில் எழுவதாகக் கூறப்படும் மீனிசையையும் நாடிச் செல்லலாம். உத்தியோகமும் பாடசாலையும் உள்ள குடும்பங்களுக்கு அப்போது ஓய்வு ஏது? ஆதலின் மழையிலேயே வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பெட்டிகள் எமது வீட்டு விறாந்தையில் ஆண்டுதோறும் திறக்கப்படுவதைக் கண்டு வருகிறோம். அவற்றைப் பற்றிச் சில சொல்லலாம் எனத் தோன்றுகிறது.

பெட்டி கட்டுவோர் முதலிற் செய்வது, தம் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கொழும்பு வானத்துக்கும் மட்டக்களப்பு வானத்துக்கும் நடுவே மத்திய மலைநாடு நிற்கிறதல்லவா? வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்று தன் நீரையெல்லாம் இரத்தினபுரிப் பக்கத்திலும் மலைச் சரிவுகளிலும் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாய் எம் பக்கம் இறங்குகிறது. அதனையே இங்குள்ளோர் கச்சான் என்பர். கொழும்பில் தெருவெல்லாம் வெள்ளம் நிற்கும் அந்நாளில் இங்கே புழுதி பறக்கும். கார்த்திகை பிறந்ததும் நிலைமை மாறுகிறது. வங்கக் கடலைத் தழுவி வரும் வாடை முதலில் வந்து மோதுவது எமது கரையிலேதான். ஆண்டுக்கு இங்கு பெய்யும் ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழையிற் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி என்னும் மூன்றே மாதங்களிற் பெய்து தீர்கிறது. கொழும்பு வெயிலை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருபவர் வாழைச்சேனையைத் தாண்டுமுன்னரே அதனை நினைத்துக்கொள்வார்.

குடை ஊருக்குள் உதவும், வாவிக்கரையில் உதவாது. 1924ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலத்திலோ, அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ நடந்து பார்த்தவர்க்கு இது விளங்கும். கடலிலிருந்து ஓடிவரும் காற்று குடையை மறுபுறம் புரட்டிக் கம்பிகளை முறித்துவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு ஆளுக்கொன்று இருப்பது நலம். பிள்ளைகளுக்கு அது கட்டாயம்.

இனி உடை. இம்மழை நாள் முழுதும் ஒரே சீராய்ப் பெய்வதன்று. விடியலில் இருட்டிக் கொட்டும். ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயில் எறிக்கும். சோறு உண்டு எழுமுன் மறுபடியும் கொட்டும். எத்தனை கவனமாயிருந்தாலும் நனையாமல் இருக்க முடியாது. ஆதலின் விரைவில் உலரும் துணி எதுவோ அதுவே இங்கு நல்ல துணி. மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. கம்பளிச் சட்டை பெட்டியின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். தடித்த ஜீன்ஸ் காற்சட்டை ஒருமுறை நனைந்தால் மூன்று நாளுக்குக் கொடியை விட்டு இறங்காது. மெல்லிய பருத்திச் சேலைகள், இலேசான சட்டைகள், ஆளுக்கிரண்டு சாரம், இரண்டு துவாய் போதும். சாரம் மறந்து வந்தாலும் குறையில்லை. மருதமுனை நெசவாளர் கைத்தறிச் சாரத்தை இங்கேயே வாங்கலாம்.

இதிலே விருந்தினர் பலர் எண்ணிப் பாராத ஒன்றுண்டு. வெயில் காணாத நாளில் வீட்டுக்காரர் துணிக்கே கொடியில் இடமிராது. எட்டுப் பேர் வந்து இறங்கி நனைந்த துணிகளைக் குவித்துவிட்டால், அவற்றை உள்ளும் புறமும் மாற்றி மாற்றிப் போட்டு உலர்த்தும் வேலை அவ்வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுகிறது. முகம் சுளிக்காமற் செய்வார்கள். அதற்காக அவ்வேலையை அவர்களிடம் விட்டுவிடலாமா? நைலோன் கயிறு ஒரு பத்து முழமும், துணிக் கிளிப் ஒரு டசினும் பெட்டியின் மூலையிற் கிடக்கட்டும்.

காலுக்கு றப்பர்ச் செருப்பே போதும். தோற் சப்பாத்து இரண்டே நாளிற் பூஞ்சணம் பிடிக்கும். மாமாங்கேசுவரர் கோயிலுக்கோ, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கோ போகிறவர் வேட்டியொன்றைப் பொலித்தீன் பையிற் சுற்றிக் கொண்டுபோனால், வழியில் நனைந்தாலும் ஈரத்தோடு சந்நிதியில் நிற்க வேண்டியிராது.

கொக்கட்டிச்சோலை என்றதும் படுவான்கரை நினைவு வருகிறது. வாவியின் மேற்குக் கரையிலுள்ள வயல் நாடு அது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே வாவியைக் கடந்தோம். பாலம் வந்தும் வெள்ளத்தின் குணம் மாறவில்லை. நகரில் மழை விட்டு வெயிலும் எறித்திருக்கும். மேற்கே உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் நீர் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டிருக்கும். தாழ்ந்த வீதிகளில் முழங்காலளவு நீர் ஓடும். பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்மேடு வெட்டிவிடப்படும் வரை வாவியும் பொங்கியே நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இம்மாவட்டத்தின் பல ஊர்கள் தொடர்பற்றுக் கிடந்தன. 1978 நவம்பர் 23ஆந் தேதிச் சூறாவளியோ தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்து நூற்றுக்கணக்கானோர் உயிரையும் கொண்டுபோயிற்று. புறப்படுவோரைத் தடுப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நான்கு நாட் பயணம் எட்டு நாளாகலாம் என்று எண்ணியே பெட்டி கட்டவேண்டும் என்கிறோம்.

அவ்வாறு எண்ணினால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது மருந்து. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் நாள்தோறும் மாத்திரை உண்ணும் பெரியோர்க்கு ஒரு வாரத்துக்கு மேலதிகமாகவே எடுத்துவைக்கவும். பட்டணத்தில் மருந்துக்கடைகள் உண்டு. ஆனால் இடையிலே வெள்ளம் நின்றால் படுவான்கரையிலிருந்து அங்கு போவது எப்படி? வைத்தியர் எழுதிய துண்டும் உடனிருக்கட்டும். வெள்ளம் வந்தபின் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே அருந்தவேண்டும். 'ஜீவனி'ப் பொட்டலம் நான்கைந்து இருந்தால் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு உதவும். நுளம்பு வலையையும் மறக்கலாகாது. காலிற் புண்ணுள்ள பிள்ளைகளை வயல் வெள்ளத்தில் விளையாட விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியேதான் புகும். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்கு டோர்ச்சும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சேமகலமும் வேண்டும். கையிற் சிறிது ரொக்கமும் வேண்டும், மின்சாரமில்லாத ஊரில் வங்கி இயந்திரம் பணம் தராது. வானிலை அவதான நிலையத்தின் அறிவித்தலைப் புறப்படும் நாளில் மட்டுமன்றி ஒவ்வொரு மாலையிலும் கேளுங்கள்.

கடைசியாக, வெறும் பை ஒன்று. திரும்பும்போது கச்சான்கொட்டையும் தேனும் கருவாடும் அதற்குள் போகும். எருமைத் தயிர்ச் சட்டியை மட்டும் எந்தப் பைக்குள்ளும் வைக்க முயலாதீர்கள். வாயைத் துணியால் இறுகக் கட்டி, கொழும்பு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.