எடைச்சீட்டில் வராத கூலி

சென்னை முத்தியால்பேட்டையில் பவளக்காரத் தெரு என்றொரு தெரு இருக்கிறது. ஆங்கிலக் கம்பெனியின் காலத்தில் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி, பதிலுக்குக் கோல்கொண்டா வைரத்தை ஏற்றி அனுப்பிய யூத வணிகர்களால் வந்த பெயர் அது. 1688-இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் சிலர் அந்த வணிகர்களே. அவர்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பவளம் வருவது நிற்கவில்லை. செவ்வாய்க்கு உகந்தது என்று மோதிரத்தில் பதிக்கிறோம், தாலிக்கொடியில் கருகமணியோடு கோத்துக்கொள்கிறோம். கடையில் 'இத்தாலியன்' என்று சொல்லிவிட்டால் விலை தானாக ஏறுகிறது.

இத்தாலியில் எங்கே என்று கல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "எல்லாம் ஒரே ஊர்ச் சரக்குங்க. நேப்பிள்ஸ் பக்கத்துல ஒரு துறைமுகம். போறதா இருந்தா சொல்லுங்க, ஒரு பட்டறைக்காரரைத் தெரியும்" என்றார். அந்த அறிமுகத்தில்தான் தோர்ரே தெல் கிரேக்கோவுக்குப் போனேன். பலெர்மோவில் நெடுங்காலமாக வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மொழிபெயர்க்க உடன் வந்தார்.

நேப்பிள்ஸிலிருந்து சொரெந்தோ போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் இடப்பக்கம் வெசூவியஸ் எரிமலையும் வலப்பக்கம் கடலும் கூடவே வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஊர் நெருக்கியடித்து நிற்கிறது. 1794 ஜூனில் மலையிலிருந்து இறங்கிய நெருப்புக் குழம்பு ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டுக் கடலுக்குள் போய்த்தான் நின்றது. புனித சிலுவை ஆலயத்தின் மணிக்கூண்டின் அடிப்பகுதி அதற்குள் புதைந்தது. புதைந்த கூண்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஆலயத்தை மீண்டும் எழுப்பினார்கள். மணிக்கூண்டின் கீழ்ப்பகுதி இன்றும் தரைக்குள்தான் இருக்கிறது. 'அழிவுக்குப் பின்னும் எழுவேன்' என்பது இந்த ஊரின் முத்திரை வாசகம்.

ஆலயத்திலிருந்து துறைமுகத்துக்குச் சரிந்து இறங்கும் தெருக்களில் நடந்தோம். துறையில் மீன்பிடி படகுகளும் மரக்கலம் கட்டும் பட்டறைகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் வசந்தம் பிறந்தால் இங்கிருந்து நூற்றுக்கணக்கான பவளப் படகுகள் சார்தீனியாவுக்கும் கோர்சிகாவுக்கும் வட ஆப்பிரிக்கக் கரைக்கும் புறப்பட்டுப் போகும். இலையுதிர் காலத்தில்தான் திரும்பும். கனமான இரண்டு மரத்துண்டுகளைச் சிலுவையாகக் கட்டி, கல் கோத்து, வலைக் கந்தல்களைத் தொங்கவிட்டுக் கடலடியில் இறக்குவார்கள். படகு இழுக்க இழுக்கப் பாறையில் வளர்ந்த பவளக் கிளைகள் வலையில் சிக்கி ஒடியும். அந்தப் பாரத்தை ஆட்கள் இரவும் பகலும் முறைவைத்து மேலே இழுப்பார்கள். 1790-இல் நேப்பிள்ஸ் அரசர் நான்காம் பெர்தினாந்து பவளப் பிடிப்புக்கென்றே ஒரு சட்டத்தொகுப்பு வெளியிட்டார் என்றால், எத்தனை பணம் இதில் புரண்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் 1805 வரை இந்த ஊரில் ஒரு மணியைக்கூடக் கடையும் பட்டறை இல்லை. எடுத்துவந்த பவளத்தை லிவோர்னோவுக்கும் ஜெனோவாவுக்கும் விற்றார்கள். அங்கே மணியாகி அதன் விலை பல மடங்கு உயர்ந்தது. கடலில் செத்தது தோர்ரே ஆள், செழித்தது லிவோர்னோ தரகர். 1805-இல் மார்சேயிலிருந்து வந்த பவுலோ பர்த்தலோமேயோ மார்த்தின் அரசரிடம் உரிமை வாங்கி முதல் பட்டறையைத் திறந்த பிறகே இந்த வேலை இங்கே வேர்பிடித்தது. 1878-இல் பவளத்தில் செதுக்கக் கற்றுத்தர அரசே பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

பட்டறை ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. உரிமையாளர் வரவேற்று, மூடியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கழுவாத பவளம் அடுப்புச் சுள்ளி போலக் குவிந்து கிடந்தது. சார்தீனியக் கடலில் எடுத்த சிவப்பு ஒரு பெட்டியில். 1875-க்குப் பிறகு சிசிலியின் ஷாக்கா கடலில் மண்ணுக்கடியில் செத்துக் கிடந்த குவியல்களிலிருந்து அள்ளிய ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு இன்னொன்றில். அன்று அள்ளியது அத்தனை அதிகம். இன்னும் சில கிடங்குகளில் அது மிச்சமிருக்கிறதாம். மூன்றாவது பெட்டிதான் பெரியது. "இது ஜப்பான், இது தைவான்" என்றார் எதையும் மறைக்காமல். உலகின் பவள வேலையில் பெரும்பங்கு இந்த ஊரில் நடந்தாலும், வேலைக்கு வரும் பவளத்தில் பெரும்பகுதி பசிபிக் கடலிலிருந்து வருகிறது. நம் கடைக்காரர்கள் சொல்லும் 'இத்தாலியன்' பல நேரங்களில் பசிபிக் கடலில் பிறந்து இத்தாலியக் கையில் வளர்ந்த பிள்ளைதான்.

உள்ளூர்ப் பவளம் குறைந்ததற்குக் காரணம் ரகசியம் அல்ல. மத்தியதரைக் கடல் சிவப்புப் பவளத்தின் அடித்தண்டு ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர் அளவில்தான் பருக்கிறது. பாறையையே வழித்தெடுத்த அந்தச் சிலுவை வலையை ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் தடை செய்தது. இப்போது மூழ்காளர்கள் கையால்தான் எடுக்க வேண்டும். ஐம்பது மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் தொடக்கூடாது, அடித்தண்டு 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஒடிக்கக்கூடாது என்று மத்தியதரைக் கடல் மீன்வள ஆணையம் விதி வைத்திருக்கிறது. அந்த 7 மில்லிமீட்டருக்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வேண்டும். பவளத்தை அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்து உலக வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவர 2007-இலும் 2010-இலும் முயன்றார்கள். இரண்டு முறையும் தீர்மானம் தோற்றது.

வட்ட வாளில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிளையைத் துண்டாக்குகிறார்கள். துண்டுகளைச் சல்லடையில் அளவுவாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு துளையிடுதல், உருட்டுதல், மெருகேற்றுதல். மெருகு அறையில் சுழலும் உருளைகளின் இரைச்சலில் யாரும் எதுவும் சொல்ல முடியாததால் அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. தரம் பிரிக்கும் மேசைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சன்னல் வெளிச்சத்தில் ஒருவர் மணிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, புழு அரித்த துளை உள்ளதையும் வளைந்து முறுக்கியதையும் தனியே தள்ளிக்கொண்டிருந்தார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும் இளங்கோவும் உள்துளையும் கல்லிடுக்கில் முடங்கியதும் முறுக்கும் இல்லாத பவளத்தையே நல்ல பவளம் என்கிறார். முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளில் பவளமும் ஒன்று என்று அக்காலக் கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் சொல்கிறது. ரோமர்கள் இந்திய முத்தை மதிப்பதுபோல் இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்று எழுதிய பிளினி, கி.பி. 79-இல் இதே வெசூவியஸ் வெடித்தபோது இந்த வளைகுடாவின் கரையில்தான் இறந்தார். அந்த மேசைக்காரர் பார்த்த பார்வையை நம் மணிக்கடைக்காரர்கள் அன்றே பார்த்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் அவர் உள்ளே வந்தார். எழுபதைக் கடந்த பெண்மணி, கறுப்புக் கம்பளிச் சட்டை, தோளில் துணிப்பை. பையிலிருந்து எடுத்த பொட்டலங்களில் கோத்து முடித்த சரங்கள். எடை போட்டார்கள், சரங்களை எண்ணினார்கள், கோக்க வேண்டிய மணிகளை மறுபடி எடை போட்டுக் கொடுத்தார்கள். பட்டறைக்குள் இதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வரலாமா என்று கேட்கச் சொன்னேன். தாராளமாக வரச் சொன்னார்.

வீடு துறைமுகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில். சன்னலோரம் மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி. நூலின் முனையைப் பசையில் நனைத்து விறைப்பாக்கி அதையே ஊசியாக்கிக்கொள்கிறார். ஒரு சரத்துக்கான மணிகளை முதலில் துணியில் வரிசையாக வைக்கிறார். நடுவில் பெரியது, இரு பக்கமும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். அளவு மட்டுமல்ல, நிறமும் அப்படித்தான். ஒரே கிளையில் வெட்டிய இரண்டு மணிகள்கூட ஒரே சிவப்பில் இருப்பதில்லை. ஒன்றை எடுத்து அடுத்ததன் பக்கத்தில் வைத்து, தள்ளிப் பார்த்து, மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் கழுத்தைச் சுற்றி வரும்போது எங்கே நிறம் மாறியது என்று யாருக்கும் தெரியாதபடி செய்துவிடுகிறார். மின்விளக்கில் இதைச் செய்ய முடியாது என்றார். அதனால் குளிர்காலத்தில் வேலை நேரம் சுருங்கும், கூலியும் சுருங்கும்.

"அக்கா, இவ பன்னிரண்டு வயசிலையே வேலைக்கு வந்தவவாம்" என்று நண்பர் சொல்லத் தொடங்கினார். "தாயும் பட்டறையிலைதான். வில்லாலை துளை போட்டவவாம். கேளுங்கோ, கையாலை காட்டுறா."

அவர் மேசையின்மேல் கையால் வில்லை இழுத்துக் காட்டினார். ஒரு கை வில்லை முன்னும் பின்னும் இழுக்கும், மறுகை மணியைப் பிடித்திருக்கும், தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி ஒரு பக்கமிருந்து பாதிவரை போகும். பிறகு மணியைத் திருப்பி மறுபக்கமிருந்து. இரண்டு துளையும் நடுவில் சந்திக்காவிட்டால் மணி உடைந்துபோகும், உடைந்த மணியின் விலையைக் கூலியில் பிடிப்பார்கள். இவர் வந்தபோது எந்திரம் வந்துவிட்டது. துளைபோடும் வேலை மட்டும் பெண்கள் கையிலேயே நின்றது. ஈரமும் பவளத் தூளும் படிந்து நகக்கணுக்கள் வெடிக்கும். கல்யாணமான பிறகு பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கோக்கத் தொடங்கினார். கணவர் சரக்குக் கப்பலில் மாலுமி. மாதக்கணக்கில் கடலில் இருப்பார். மூன்று பிள்ளைகளை இந்த மேசையில்தான் படிக்க வைத்தேன் என்றார். அவர்களில் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை, அதில் தனக்கு வருத்தமும் இல்லை என்று அழுத்திச் சொன்னார்.

எங்கள் ஊரில் பெண்கள் தாலியில் பவளம் கோத்துக்கொள்கிறார்கள் என்றேன். நேப்பிள்ஸில் குழந்தைக்குக் கண்ணேறு படாமல் பவளக் கொம்பு கட்டுவதை அவர் சொன்னார். பிறகு, அங்கே ஒரு சரம் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். தன் ஒரு சரத்துக் கூலி அந்தச் சரத்தின் நடுமணி ஒன்றின் விலைக்குக் கூட வராது என்றார். அவருக்கு வியப்பில்லை. "நான் கோத்ததை ஒருநாளும் நான் போட்டதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மணியை எடுத்தார்.

இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்க்க வேண்டும். மூழ்காளரிடம் வாங்குபவர் ஒருவர். அவரிடமிருந்து பட்டறை. பட்டறையிலிருந்து ஏற்றுமதியாளர். இங்கே இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, போதாக்குறைக்கு 'இந்தக் கடையில் வாங்குங்கள்' என்று அனுப்பிவைக்கும் ஜோதிடரின் கமிஷன். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது. இந்த வரிசையில் பவளத்தின் மேல் உண்மையிலேயே வேலை செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: எடுத்தவர், அறுத்தவர், துளைத்தவர், கோத்தவர். மற்ற எல்லோரும் வாங்கி வைத்திருந்து கை மாற்றிவிட்டவர்கள். வாங்கி வைத்திருந்தவருக்கு வீடும் காரும், கோத்தவருக்குச் சன்னலோர மேசை. எடைச்சீட்டில் கேரட் இருக்கிறது, தங்கம் இருக்கிறது, செய்கூலி சேதாரம் என்று கடைக்காரர் தமக்குப் போட்டுக்கொண்டது இருக்கிறது. கோத்த கை மட்டும் அதில் எந்த வரியிலும் இல்லை.

பட்டறை உரிமையாளர் தன் பக்கத்தைச் சொன்னார். கச்சாப் பவளம் கிடைப்பதில்லை, கிடைத்தால் யானை விலை, மூங்கில் பவளத்துக்குச் சாயமேற்றி அசல் என்று விற்பவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் விலை ஏறும்போது கூலி ஏறவில்லை, விலை இறங்கும்போது முதலில் வெட்டப்படுவது கூலி. இதை எந்தப் போட்டியும் நியாயமாக்காது.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு படகேறிய பவள மாலுமிகளுக்கும் படகு முதலாளிகளுக்கும் கூலிச் சண்டை ஓயாது. 1794-க்குப் பிறகு ஆலயத்தை மீண்டும் கட்டிய பாதிரியார் வின்சென்சோ ரோமானோ, அந்தச் சண்டைகளில் தலையிட்டு மாலுமிகளுக்காகப் பேசியவர். 2018-இல் அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார்கள். அதற்கும் முன்னால், 1699-இல், தங்கள்மேல் பிரபுவுக்கு இருந்த நிலவுடைமை உரிமையை ஊர்மக்கள் தாங்களே பணம் திரட்டி வாங்கி ஊரை விடுவித்துக்கொண்டார்கள். அந்த விடுதலையின் நினைவாக ஆண்டுதோறும் நான்கு பலிபீடத் திருவிழா நடக்கிறது. சேர்ந்து நின்றால் பிரபுவையும் கிளப்பலாம் என்று கண்ட ஊர் இது. மாலுமிகள் ஒரே படகில் இருந்தார்கள், சேர்ந்து நின்றார்கள். கோக்கும் பெண்கள் ஆளுக்கொரு மாடியில் தனித்தனியாக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சரத்துக்கு என்ன கூலி என்று இவருக்குத் தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோரைக் காக்க இத்தாலியில் 1973-ஆம் ஆண்டின் 877-ஆம் எண் சட்டம் இருக்கிறது. அவர்கள் பெயரைப் பேரேட்டில் எழுத வேண்டும், கூட்டு ஒப்பந்தப்படி துண்டுக்கூலி தர வேண்டும் என்கிறது. இத்தனை ஆண்டு கோத்தும் தன் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை என்றார் அந்த அம்மா. பெயர் ஏறாததால் ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகள் இல்லை.

பவளத்துக்கு 7 மில்லிமீட்டர் என்று அளவு வைக்க அரசுகள் மேசையில் உட்கார்ந்து பேச முடிந்தது. எந்தக் கடல், எந்த ஆழம் என்று ஏற்றுமதித் தாளில் எழுத வைக்க முடியும் என்றால், யார் கோத்தது, என்ன கூலி என்று இன்னொரு வரி எழுத வைப்பது மட்டும் முடியாத காரியமா? ரோமர் காலத்திலிருந்து பவளத்தை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நாம். விற்பவர்கள் நம் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பவளம் வாங்கும் கடையில் இது அசலா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தக் கடலில் எடுத்தது, எந்த ஊரில் கோத்தது, கோத்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் கேட்போம். பதில் தெரியாத கடையில் வாங்காமல் எழுந்து வருவோம்.