கேட்காத கேள்விக்கும் ஒரு பதில்

அத்தா மவுத்தான பின், கருமண்டபத்து வீட்டை விற்று ஃபராயிள் முறைப்படி பாகம் பிரித்துக்கொள்வதென உடன்பிறந்தோர் நால்வரும் முடிவெடுத்தோம். தரகர் விவரம் கேட்டார், எழுதிக் கொடுத்தோம். மனை 2,400 சதுர அடி. வடக்குப் பார்த்த வாசல். 1984இல் கட்டிய தளவீடு, இரண்டு படுக்கையறைகள், கோடையிலும் வற்றாத கிணறு. திண்டுக்கல் சாலை நடக்கும் தொலைவு, பள்ளிவாசலும் அப்படியே. பின்புறம் சற்றுத் தள்ளிக் கோரையாறு. இந்தக் கடைசி வரியை மட்டும் தரகர் அடித்துவிட்டார்.

பார்க்க வந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்திரங்களைக் கையில் வாங்கியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க பாய், இது வக்ஃபு இடமா இருக்காதே?"

சுருக்கென்றது உண்மைதான். ஆனால் அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2022 செப்டம்பரில், ஸ்ரீரங்கம் வட்டத்துத் திருச்செந்துறையில் நிலம் விற்கப் போனவரிடம் வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று கேட்கப்பட்டது, ஊரே திகைத்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் பதிவு மீண்டும் நடந்தாலும் பேச்சு அடங்கவில்லை. போதாக்குறைக்கு, அவருடைய ஸ்ரீரங்கத்திலேயே அடிமனை கோயிலுக்குரியதென்ற வழக்கால், தலைமுறைகளாகக் குடியிருப்போர் வீட்டை விற்க இயலாமல் நிற்கின்றனர். சூடு கண்ட பூனை அவர்.

உண்மையில் இக்கேள்வியை முதலில் கேட்கவேண்டியவர்கள் நாம். ஒருமுறை வக்ஃபான சொத்தை விற்கவோ அன்பளிப்பாக்கவோ வாரிசுகள் பங்கிடவோ மார்க்கத்தில் வழியில்லை. அத்தா அதனாலேயே, மனை வாங்குமுன் மூலப்பத்திரம் வரை தேடிப் படித்தவர். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் விரித்து வைத்தோம். அவர் முகம் தெளிந்தது.

வெள்ளத்தைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. கோரையாறு புத்தூர் அருகே உய்யக்கொண்டானோடு கலந்து, குடமுருட்டியாகிக் காவிரியில் சேர்வது. 1977 நவம்பரில் அது நகரத்துக்குள் புகுந்ததை மறவாமல் அத்தா கடைக்காலை மூன்றடி உயர்த்தியிருந்தார். எனினும் 2005 மழையில் கூடத்தில் முழங்காலளவு நீர் நின்றது. எந்தப் பத்திரத்திலும் இது இராது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளியிட வேண்டுமென்கிறது. அதைவிட எங்களை உறுத்தியது, நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட செய்தி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றல்லவா கேட்டார்கள்!

தரகர் கண்ணைக் காட்டியும் பொருட்படுத்தாமல், அலமாரிக்குப் பின்னிருந்த நீர்க்கறையைக் காட்டினோம். அவர் குனிந்து, விரலால் சாண் வைத்து அளந்தார். மின்மாற்றி எங்கே, கிணற்று மோட்டாரை மேலேற்ற முடியுமா, பக்கத்து வீட்டார் அப்போது எங்கே தங்கினர் என்றெல்லாம் விசாரித்தார். சுபுஹு பாங்கு கேட்குமென்றும் சொல்லி வைத்தோம். "அங்கே விடியக்காலம் திருப்பாவை கேக்குற காதுதானே" என்று சிரித்தார்.

மூன்று லட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். இளைய தங்கைக்கு அதில் வருத்தமுண்டு, அவள் பங்குதான் சிறியது. தரகர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.