மகமூது கவானின் கலாசாலை

ஹைதராபாத்துக்கு யாத்திரை செல்வோர் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் கண்ட அளவில் திருப்தியடைந்து ஊர் திரும்புவது வழக்கம். ஆனால் 1591-இல் எழுந்த அந்தச் சார்மினாருக்கும் நூறாண்டுக்கு மேல் மூத்ததாய், 1956 வரை ஹைதராபாத் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்து இன்று கர்நாடகத்துக்கு உரியதாகிவிட்ட பீதர் நகரில் பாதி இடிந்து நிற்கும் மதரஸாவைக் காணாத வரையில், தக்காணத்தார் கல்விக்கு அளித்த கௌரவத்தை அவர்கள் அறிந்தவராகார்.

ஆசிரியரும் மாணாக்கரும் வயிற்றுக் கவலையின்றி ஓரிடத்தில் கூடியிருந்து ஓதுவதற்கு எவரேனும் பொருள் ஒதுக்கி வைப்பார்களானால், அங்கே கலாசாலை பிறந்துவிடுகிறது. ஏதென்ஸ் நகருக்குப் புறத்தே ஒரு தோப்பில் பிளேட்டோ அதை நடத்தினார். நம் நாட்டில் எண்ணாயிரத்துக் கோயில் கல்லூரிக்கு, முதலாம் இராஜேந்திரன் காலத்தில், 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் உண்டு வாழும்படி 45 வேலி நிலம் விடப்பட்டிருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அந்த மரபினுக்கு அயலாரல்லர், பீதர் மதரஸாவை எழுப்பிய மகமூது கவான்.

பாரசீகத்தின் கீலான் நாட்டிலிருந்து வியாபாரியாக வந்து பாமினி சுல்தான்களின் பிரதம மந்திரியாக உயர்ந்தவர் அவர்; மகாகவி ஜாமியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த வித்வானும் ஆவார். 1472-இல் அவர் கட்டி முடித்த மதரஸா, நடுவே விசாலமான முற்றமும், அதன் நாற்புறமும் மூன்று அடுக்குகளாகப் பிரசங்க மண்டபங்களும், மசூதியும், புத்தகசாலையும், ஆசிரியர் இல்லங்களும், மாணாக்கர் அறைகளும் கொண்டது. புத்தகசாலையில் 3000 நூல்கள் இருந்தன என்பர். முகப்பின் வடகோடியில் எஞ்சியிருக்கும் மினாரை அணுகிப் பார்த்தால், நீலமும் பச்சையும் மஞ்சளுமான மெருகோடுகள் வளைந்து வளைந்து ஏறுவதும், அவை உதிர்ந்த இடங்களில் வெறுங்கல் தெரிவதும் புலப்படும்.

1481-இல் மூன்றாம் முகம்மது ஷா, தென்னாட்டின்மீது படையெடுத்துக் காஞ்சிக் கோயில்களைச் சூறையாடி மீண்ட சமயத்தில், பகைவர் கவானின் முத்திரையிட்டு ஒரிசா மன்னனுக்கு எழுதியதாகப் புனைந்த கடிதத்தை நம்பி, அந்த முதிய மந்திரியின் தலையைத் துணிக்கச் செய்தான். கதம்ப குலத்து மயூரசர்மன் வேதம் ஓத நாடிச் சென்ற கடிகை என்னும் கல்விச்சாலை விளங்கிய ஊர் அந்தக் காஞ்சி என்பதை எண்ணுகையில், இவ்விரண்டு செயல்களும் ஒருவனாலேயே அடுத்தடுத்து நிகழ்ந்தமை நெஞ்சை உறுத்துகிறது. குற்றமற்றவரைக் கொன்றோம் என்று சுல்தான் பின்னர் வருந்தினான். வருந்தி என் செய்வது?

கவான் மடிந்த பின்னும் கட்டடம் நிலைத்தது. அதற்குக் கேடு வந்தது ஔரங்கசீப்பின் ஆட்சியிலே. புத்தகங்கள் இருந்த மனையில் படைகளும் வெடிமருந்தும் குடியேற, 1696-இல் அம்மருந்து வெடித்து, கிழக்கு வாயிலையும் தென்புறத்தில் ஒரு பெரும் பகுதியையும் தகர்த்துவிட்டது. மருந்து பற்றியதற்கு மின்னலைக் காரணமாகச் சொல்வர். கலாசாலையைக் கிடங்காக்கியவர்களைச் சொல்வதே என் மதம். இருபதாம் நூற்றாண்டில் யஸ்தானியின் தலைமையிலே நிஜாமின் புராதன ஆராய்ச்சி இலாகா இந்நகரத்துச் சின்னங்களைப் பேணத் தொடங்கியது.

கிழக்கு நோக்கிய முகப்பாதலின் மெருகோடுகளைக் காலை வெயிலில் காண்பதே உத்தமம். பின்பு தென்புறம் சென்று, இடிந்த சுவரின் வழியே மூன்று அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த விதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.