மூத்தம்மாவின் பன்பாயும் எங்கட சாட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருந்தா வாசிங்க.

நாங்கள் ரெண்டு பேர். ஆசிரிய கலாசாலையில் ஒரே அறையில் கிடந்தவர்கள், அல்ஹம்துலில்லாஹ் நியமனமும் ஒரே பாடசாலைக்குக் கிடைத்தது. ரெண்டு பேருக்கும் தமிழ்தான் பாடம். கலாசாலைக் காலத்திலேயே ஊரில் சொல்லிவிட்டோம், நாங்க சிறுகதைத் தொகுதி ஒன்று போடப் போறோம் என்று. சொல்லி 10 வருஷத்துக்கு மேல. தொகுதியின் பெயர் மட்டும் மூன்று முறை மாறியது. கதைதான் இல்லை.

என்ன கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும். முதலாம் தவணை விளையாட்டுப் போட்டி, ரெண்டாம் தவணை தமிழ்மொழித்தினப் போட்டி, மூன்றாம் தவணை விடைத்தாள். இடையில பாடக்குறிப்பு, நோன்பு, பெருநாள், ஊர்க் கலியாணம். "இன்ஷா அல்லாஹ் இந்த லீவுல தொடங்குற" என்று சொல்லுவோம். இன்ஷா அல்லாஹ் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது ஈமான். நாங்கள் சொன்னது சாட்டு. எங்களுக்கே அது தெரியும்.

வகுப்பில் சித்தி லெப்பையைப் படிப்பிப்போம். அவர் சட்டத்தரணி. 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகை தொடங்கி, அந்த வேலைகளுக்கு நடுவில் 1885 இல் அசன்பே சரித்திரம் நாவலையும் வெளியிட்டவர். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்துகொண்டே எழுதினார், 1966 இல் மல்லிகையையும் தொடங்கினார். இதெல்லாம் பிள்ளைகளுக்குக் குறிப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நேரமில்லை என்று வீட்டுக்கு வந்து போனை நோண்டிக்கொண்டு கிடந்தவர்கள் நாங்கள்.

2017 இல் ஒரு நாள் பின்னேரம், பாடசாலைக்குப் பின் வளவில் பன்பாய் பின்னும் ஒரு மூத்தம்மாவிடம் போனோம். அடுத்த வருஷம் சூறாவளிக்கு 40 வருஷம். 1978 நவம்பர் 23. மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். எங்கட உம்மா வாப்பா சின்னப் பிள்ளைகளா இருந்த நேரம். அந்த 40 வருஷ ஞாபகத்துக்கு ஆளுக்கொரு கதை எழுதுவதாகப் பேச்சு.

மூத்தம்மா கை நிறுத்தாமல் பின்னிக்கொண்டே சொன்னா. கூரை போனது, தென்னை விழுந்த சத்தம், கைப்பிள்ளையை நனையாமல் பன்பாயில் சுருட்டி நெஞ்சோடு கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடியது. பிறகு ஒரு இடத்தில் பின்னுறதை நிப்பாட்டிவிட்டு எங்களைப் பார்த்தா.

"நடுவுல காத்து நின்டிச்சு மகன். ஒரு இலை அசையல்ல. முடிஞ்சிட்டு எண்டு ஆக்கள் வெளிய போனாங்க. பிறகு மத்தப் பக்கத்தால வந்திச்சு."

சூறாவளியின் கண் கடக்கும்போது அப்படித்தான் நடக்கும். நடுவில் அமைதி, பிறகு எதிர்த்திசைக் காற்று. விஞ்ஞானப் புத்தகத்தில் அதைப் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அந்த அமைதிக்குள் நின்ற ஒரு ஆளை அன்றுதான் பார்த்தோம்.

நாங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டது ஏழே ஏழு வரி. மிச்சம் ஞாபகத்தில் இருக்கும், பிறகு வந்து ஆறுதலாகக் கேட்கலாம் என்று நினைத்தோம். வழியில் கண்டால் மூத்தம்மா கேட்பா, "என்ட கதைய எழுதிப் போட்டீங்களா மகன்?" "இன்ஷா அல்லாஹ் மூத்தம்மா, இந்த லீவுல." 2018 போனது. 2019 போனது. கொரோனாக் காலத்தில் மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தோம், நேரமில்லை என்ற சாட்டும் செத்துப்போனது. அப்போதும் எழுதவில்லை.

2022 இல் மூத்தம்மா மௌத்தாகிவிட்டா. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மையவாடியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மகன் எங்களிடம் வந்தார். ஓட்டோ ஓடுகிறவர். அந்தப் பாயில் சுருட்டின பிள்ளை அவர்தான் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பிள்ளை தப்பினதா, ஆர் அந்தப் பிள்ளை என்று ஒரு வார்த்தை நாங்கள் மூத்தம்மாவிடம் கேட்டிருக்கவில்லை. காற்று நின்ற கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். "சேர், உம்மா வேற என்ன சொன்ன? எழுதி வெச்சிருப்பீங்கதானே?"

ஏழு வரி இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. கொப்பியைத் தேடித் தாறோம் என்றோம். அதுவும் ஒரு சாட்டு.

அன்று இரவு கொப்பியை எடுத்துப் பார்த்தோம். ஏழு வரிக்குக் கீழே கதையின் தொடக்கம் பதினொரு தரம் எழுதி வெட்டியிருந்தது. எல்லாமே காற்றின் சத்தத்தில் தொடங்குகிற வசனங்கள். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் கட்டுரையை வெட்டிப் பழகின கை, எங்கட முதல் வசனத்தையும் வெட்டியிருக்கிறது. சோம்பல் என்றுதான் எங்களை நாங்களே ஏசிக்கொண்டிருந்தோம். சோம்பல் இல்லை, பயம். தமிழ் ஆசிரியர் எழுதின கதை நல்லா இல்லை என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் முன்பு ஒருக்கா கேட்டான், "சேர், நீங்க எழுதின கதை ஒண்டு வாசிங்களேன்". பாடத்தைப் பார் என்று ஏசிவிட்டோம். பாவம் அவன்.

அதற்குப் பிறகு செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நல்ல கொப்பியை மூடி வைத்தோம், அதைக் கண்டாலே கை நடுங்கியது. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம், பென்சிலால். சுபஹ் தொழுதுவிட்டு வந்து 20 நிமிஷம், போன் குசினியில். வெட்டக் கூடாது, அழிக்கக் கூடாது. வியாழன் இஷாவுக்குப் பிறகு தாளை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதினதை மற்றவர் சத்தமாக வாசிப்பார். நல்லா இருக்கு என்றும் சொல்லக் கூடாது, நல்லா இல்லை என்றும் சொல்லக் கூடாது. "பிறகு என்ன நடந்த?" என்று மட்டும் கேட்கலாம். இந்தக் கேள்விதான் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. பதில் சொல்லாமல் ஒரு கிழமை தப்பலாம், ரெண்டாம் கிழமை வெட்கமாக இருக்கும்.

தொடக்கத்தையும் விட்டுவிட்டோம். காற்று நின்ற இடத்திலிருந்து எழுதத் தொடங்கினோம். ஒரு பொம்பிள பள்ளிவாசல் வாசலில் ஈரப் பாயோடு நிற்கிறா, இலை அசையவில்லை. அங்கிருந்து கதை தானாக முன்னுக்கும் பின்னுக்கும் போனது.

நேராகப் போனது என்று நினைக்க வேண்டாம். நோன்பு மாதம் அப்படியே நின்றது, பிறகு சாதாரண தர மேலதிக வகுப்பு, ஆறு கிழமை ஒரு சொல்லும் இல்லை. எங்களில் ஒருவர் இன்னமும் சுபஹுக்குப் பிறகு படுத்துவிடுவார். ஆர் என்று சொல்ல மாட்டோம், வீட்டுக்காரி வாசிப்பா.

போன மாதம் 14 பக்கக் கதை ஒன்று முடிந்தது. முதல் பிரதியைக் கொண்டுபோய் ஓட்டோக்காரரிடம் கொடுத்தோம். அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், ஓட்டோவுக்குள் இருந்தே வாசித்தோம். ரெண்டு இடத்தில் நிப்பாட்டினார். "உம்மா அப்பிடிக் கதைக்கிறல்ல சேர்" என்றார் ஒரு இடத்தில். திருத்திவிட்டோம். மற்ற இடம், பள்ளிவாசலில் மூத்தம்மா பிள்ளைக்கு என்ன சொல்லித் தாலாட்டினா என்று நாங்கள் கற்பனையாக எழுதினது. "இது உம்மா சொன்னதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை எடுத்துவிட்டோம். கதையில் அது வெறுமையாகவே கிடக்கிறது.

2028 நவம்பரில் 50 வருஷம். ஊரில் அந்த இரவைக் கண்ட மூத்தப்பா, மூத்தம்மாமார் இன்னும் இருக்கிறாங்க. உங்கட வீட்டில் இருந்தால் உட்பெட்டியில் சொல்லுங்க, நாங்கள் வாறோம். இந்த முறை போனில் ரெக்கோர்ட் பண்ணுவோம், கொப்பியும் கொண்டு வருவோம். சனிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு முதல் வீடு பேசியாகிவிட்டது.