ஒலிக்கலவையும் ஓர் ஒப்பாரியும்

கணினித் திரையின் மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்தி ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் யாவரும் அறிவர். அதனுள்ளே ஒலிக்கலவை என்றொரு பகுதி உண்டென்பதைச் சிலரே அறிவர். பழைய விண்டோஸில் அது இறுவட்டு, ஒலிவாங்கி, லைன் இன் என ஒலி வரும் வழிகளைப் பிரித்துக் காட்டிற்று. 2007 இல் பொதுப்பாவனைக்கு வந்த விஸ்டாவோ செயலிதோறும் ஒரு குமிழை வைத்தது. பாட்டுக்கு ஒன்று, உலாவிக்கு ஒன்று, கணினியின் சொந்த மணியோசைகளுக்கு ஒன்று. கூட்டுக்குடும்பத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே அதட்டி வைக்கும் ஏற்பாடு எனலாம்.

கலைப்பீட மாணவன் ஒருவன் இவ்வேற்பாட்டை நம்பி ஒரு காரியத்தில் இறங்கினான். அவனுடைய அம்மம்மா தம் தமையனுக்காகச் சொல்லி அழுத ஒப்பாரி, நாற்பதாண்டு கடந்த கசற் ஒன்றில் இருந்தது. அம்மம்மா இன்றில்லை, நாடாவும் நைந்திருந்தது. கசற் கருவியைக் கம்பியினாற் கணினியோடு இணைத்து, மணியோசைக் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கினான். பதிவு வழியாக ஸ்டீரியோ மிக்ஸைத் தெரிந்தான். கணினி ஒலிப்பதனைத்தையும் அது பதியும். அதன் சிறப்பும் அதுவே, கேடும் அதுவே.

ஒலியெழுப்பத் தொடங்காத செயலி அக்கலவையில் இடம்பெறுவதில்லை. உலாவி அப்போது மௌனமாயிருந்தது. ஆதலால் அதற்கெனக் குமிழே தோன்றவில்லை. இல்லாத குமிழை எவர் இறக்குவார்? அம்மம்மா தமையனைப் பெயர் சொல்லி விளித்த கணத்தில், திறந்து கிடந்த பக்கமொன்றுக்குச் செய்தி வந்து “டிங்” என்றது. மீண்டும் ஓடவிட்டபோது நாடா சிக்கி, அவ்விடத்திலேயே கசங்கி அறுந்தது.

மணியோசையின் சுருதியை மாத்திரம் வெட்டியெடுக்க இரு இரவுகள் முயன்றான். அச்சுருதியிலேயே குரலின் ஒரு பகுதியும் இருந்தமையால், மணி தேயத் தேயப் பெயரும் தேய்ந்தது. கலவையின் குமிழ்கள் ஒலிகள் சேருமுன்னரே பயன்படும். ஒரே அலையாய்ப் பதிந்த பின்னர் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. பெயர் தெரியாமற் போகவில்லை. அதை அவர் அழைத்த விதமே போயிற்று.

நாடாவை ஒட்டி மறுபக்கத்தைப் பதிந்தபோது லைன் இன் வழியையே நேராகத் தெரிந்தான். உலாவியை மூடினான், இணையத் தொடர்பையும் துண்டித்தான். இம்முறை வேற்றொலி எதுவும் புகவில்லை. ஆயினும் ஒப்பாரியின் பின்னே உலக்கைச் சத்தமும் ஒரு குழந்தையின் இருமலும் இருந்தன. அவை நாடாவிலேயே ஊறியவை. இருமலையாவது குறைக்கலாமோ என்று தாயாரிடம் கேட்டான். அவர் ஹெட்போனை மாட்டி, கண்மூடிக் கேட்டார்.

“உந்த இருமல் நான்தான். எனக்கு அப்ப குக்கல்” என்றார். பின்னர், இன்னொரு முறை போடச் சொன்னார்.