மனப்பாடம் செய்யாத டெல்லி தேதிகள்

தோழர்களே, தலைநகர் டெல்லியின் வரலாறு என்றதும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டு தேதிகளை மளமளவென்று சொல்வார்கள். 1911 டிசம்பர் 12, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்த நாள். 1931 பிப்ரவரி 13, புது டெல்லி திறப்பு விழா. இரண்டுமே அரசர்கள், வைஸ்ராய்களின் தேதிகள். அந்த நகருக்காக நிலம் இழந்த ரைசினா, மால்சா கிராமத்தார் அதில் வரமாட்டார்கள்.

எங்களோடு களப்பணிக்கு வரும் மாணவர்களை இன்னும் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம்.

1949 நவம்பர் 25. அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்த நாள்.

1951. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டது. அண்ணல் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிய அதுவே முக்கியக் காரணம். எல்லாச் சாதிப் பெண்களின் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் அந்த மசோதாவில் இருந்தன. அவரை ‘சாதித் தலைவர்’ என்று சுருக்குபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

1956 டிசம்பர் 6. டெல்லி, 26 அலிப்பூர் சாலை வீட்டில் அண்ணல் உறக்கத்திலேயே மறைந்தார். அந்த இடம் தேசிய நினைவகமாகத் திறக்கப்பட 2018 ஏப்ரல் வரை, 61 ஆண்டுகள் ஆயின.

அதே 2018 செப்டம்பரில், அதே டெல்லியின் மோதி நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013லேயே வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் பிறந்த ஊரிலேயே இதுதான் நிலைமை. 1949இல் அண்ணல் சொன்ன முரண்பாடு இதுவன்றி வேறென்ன?

இங்கே தமிழ்நாட்டில் தொட்டி மரணம் நடந்த வீடுகளுக்கு நாங்கள் போகும்போது, அந்தத் தீர்ப்புகளின் நகலைக் கையோடு கொண்டுபோகிறோம். அப்படியொரு தீர்ப்பு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மனு எழுத, முதல் தகவல் அறிக்கையின் நகல் கேட்க, ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன் நடக்கப் படித்த பிள்ளைகள் வேண்டும்.

டெல்லி போனால் அலிப்பூர் சாலைக்கும் போய் வாருங்கள். ஊர் திரும்பியதும் எங்களோடு அந்த வீடுகளுக்கு வாருங்கள்.

ஜெய் பீம்!