இரண்டு மணி நேரச் சரக்கு

லாரிக்குப் போகிறவன் கிளீனராகத்தான் கிளம்ப வேண்டும் என்பது பழைய வழக்கம். டயர் தட்டி, தார்ப்பாய் கட்டி, நடுராத்திரியில் டிரைவர் கண்ணயராமல் பேச்சுக் கொடுத்து, சில வருஷம் போனபின் ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங் கைக்கு வரும். நான் அப்படி வரவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்த சூட்டோடு கடலூர்ப் பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்டில் மிக்சர் வண்டிக்குச் சேர்ந்துவிட்டேன். சேலத்திலிருந்து டெல்லிக்கு ஜவ்வரிசி ஏற்றிய என் மாமாவுக்கு இதில் மரியாதையே இல்லை. “கடலூர்லேர்ந்து சிதம்பரம் போறதுக்கு எதுக்குடா ஹெவி லைசென்சு?” என்றார்.

அவருக்கு அந்த 45 கிலோமீட்டர் ஒரு தூரமில்லைதான். ஆனால் ஜவ்வரிசி இரண்டு நாள் பிந்திப் போனாலும் ஜவ்வரிசிதான். என் சரக்கு டிரம்முக்குள்ளேயே கல்லாகிவிடும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்கிறது ரெடிமிக்சுக்கான ஐ.எஸ். 4926 விதி, இறுகலைத் தள்ளிப்போடும் மருந்து கலந்திருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு. சலானில் மணி போட்டுக் கொடுத்த நிமிஷத்திலிருந்து கெடு ஓடும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை நடந்தபோது, பூண்டியாங்குப்பத்துக்குத் தெற்கே ஒவ்வொரு மாற்றுப்பாதையிலும் என் கண் கடிகாரத்தில்தான் இருந்தது.

வண்டி வழியில் படுத்துவிட்டால் டிரம்மில் சர்க்கரையைக் கொட்டு என்பது பிளான்ட்டில் முதலில் காதில் விழும் பாடம். சர்க்கரை சிமென்ட் இறுகுவதைத் தடுக்கும். கான்கிரீட் வீண், டிரம் பிழைக்கும். பிழைக்காத டிரம்முக்குள் ஆள் இறங்கி டிரில் வைத்து உடைத்தெடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் அப்படி இறங்கி ஏறியவர்களைப் பார்த்தபின், சீட்டுக்குப் பின்னால் சர்க்கரைப் பை இருக்கிறதா என்று பார்க்காமல் நான் வண்டி எடுத்ததில்லை.

1916இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஸ்டெபானியன் என்பவர் கலவை சுற்றும் லாரிக்குக் காப்புரிமை கேட்டபோது, லாரி அவ்வளவு பாரம் தாங்காது என்று தள்ளிவிட்டார்களாம். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. ஆறு கனமீட்டர் கான்கிரீட் 14 டன்னுக்கு மேல். அத்தனையும் உயரத்தில் இருக்கிறது. டிரம் சுற்றச் சுற்ற ஒரு பக்கமாக ஏறிக்கொண்டும் இருக்கிறது. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தேடுகிறவன் வண்டியோடு சாய்வான். எங்கள் ரோட்டில் மலை இல்லை என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். தார் முடிகிற இடத்தில்தான் மிக்சர்காரனுக்கு வேலையே ஆரம்பம். ஐப்பசி மழையில் ஊறிய களிமண்ணில், நேற்றுவரை நெல் வயலாக இருந்த மனையில், முழு லோடோடு ரிவர்ஸ் எடுக்க வேண்டும். நான் இறங்கி நடந்து, செருப்பு எவ்வளவு புதைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். சிதம்பரத்தில் தேர் வீதிகளை விட்டுச் சந்துக்குள் திரும்பினால் வேறு கஷ்டம். ஆனி, மார்கழித் தேர் நாட்களில் அந்தப் பக்கமே போக முடியாது.

இத்தனையும் கை பழகினால் வந்துவிடும். வாய் பழகத்தான் நாளாயிற்று. தளம் போடும் இடத்தில் மேஸ்திரி குரல் கொடுப்பார்: “தம்பி, கட்டியா வருது, கொஞ்சம் தண்ணி விடுப்பா.” தண்ணீர் டாங்க் வண்டியிலேயே இருக்கிறது, வால்வு என் கைக்கெட்டும் தூரத்தில். விட்டால் கலவை இளகி ஓடும், இழுத்துப் பரப்புகிறவர்களுக்குச் சுகம். தளத்தின் பலம்தான் குறையும். அது அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. சைட் இன்ஜினியர் போனில் இருப்பார். மேஸ்திரிக்கு என் அப்பா வயது. தலைக்கு மேல் சட்டி தூக்கிச் சுமந்து அந்த நிலைக்கு வந்தவர். அவரிடம் ஐ.எஸ். விதியைப் பேசினால் சிரிப்பார். பிளான்ட்டில் ஒரு மூத்த டிரைவர் சொல்லிக் கொடுத்த வாக்கியம்தான் கைகொடுத்தது: “விடறேங்க மேஸ்திரி, சலான்ல தண்ணி விடச் சொன்னதா எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.” பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சிலர் திட்டுவார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாமா காலத்தில் டெல்லி வண்டியிலும் இரண்டு பேர் போவார்கள். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. ஆகவே எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு மிக்சர்தான் முதல் பள்ளிக்கூடம். சேர வருகிறவர்கள் சம்பளம் எவ்வளவு, கேபினில் ஏசி உண்டா என்று கேட்கிறார்கள். 2025 அக்டோபருக்குப் பின் தயாரான வண்டி என்றால் ஏசி இருக்கும் என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை இரண்டு தடவை சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன்.